நான்கு நாள் வீடு

வருடத்தில் நான்கே நான்கு நாள்தான் அவர்களுக்குக் குடித்தனம். அதிலும் முதல் நாளை விமானம் விழுங்கிவிட்டது.

பல்லழகியை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் மாடி வாடகை வீட்டில், பெட்டியைக்கூடத் திறக்காமல், கணவரிடமிருந்து வந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றிருந்தாள். 'விமானம் தவறிவிட்டது. நாளைக் காலைதான் வர முடியும். நீ ஊரைப் பார்.'

ஊரைப் பாராம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதல்முதலாகச் சந்திக்கிறவர்களுக்கு நாலு வரி. பல்லழகி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் ஒரு நாட்டில் பல் லேபில் வேலை பார்க்கிறாள். பீங்கானில் பல் செய்கிறவள். பதினாறு வகை வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லுவாள். அதற்காகக் கணவர் சூட்டிய பட்டம் அது. அவர் இன்னொரு நாட்டில் லிஃப்ட் மெக்கானிக். பதிலுக்கு இவள் அவரை லிஃப்ட்காரர் என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. 'வாழ்க்கையில மேல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக் கட்டிக்கிட்டார், பாதி மாடியில நிக்குது' என்று லேபில் சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகள் வாண்டு, சொந்த ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பெயர்தான் வாண்டு, அம்மாவைவிட அரை அடி உயரம்.

அவள் இருக்கும் நாட்டுக்கு அவர் வர இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் தாள் திரும்பி வந்தது. அவர் இருக்கும் நாட்டிலோ தொழிலாளர் விடுதியில் மனைவிக்கு இடம் கிடையாது. சொந்த ஊருக்குப் போய்வர வழியிலேயே மூன்று நாள் கழிந்துவிடும். அது மகளைப் பார்க்க, ஆளுக்கொரு சமயம், மாற்றி மாற்றி. அதனால் வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஊர் ஒன்றில் சந்தித்துக்கொள்வது என்று ஆயிற்று. முதல் வருடம் ஒரு ஆற்றங்கரை ஊர். அப்புறம் ஒரு மலையூர். போன வருடம் ஒரு துறைமுகம். இது நான்காவது.

நேற்று வியாழக்கிழமை முழுக்க அவள் தனியாக ஊரைப் பார்த்தாள்.

கணவர் அனுப்பியிருந்த திட்டத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள். லிஃப்ட்காரரின் திட்டம் என்றால் நிமிடக் கணக்கு. எட்டு பத்துக்கு டிராம், எட்டு முப்பத்தைந்துக்குப் பாலம், ஒன்பதுக்கு அருங்காட்சியகம். முதல் வருடம் அந்தத் தாளை நம்பி ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் நடந்து, கால் கட்டைவிரல் நகம் கறுத்து, 'என்ன இது, சுற்றுலாவா, தண்டனையா?' என்று அவள் கேட்டது இன்னும் வீட்டில் பேச்சு.

நேற்று அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. வியாழக்கிழமை விடுமுறையாம். லிஃப்ட்காரரின் தாளில் தப்பு வருவது அதுதான் முதல் தடவை. தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வந்த டிராமில் ஏறி உட்கார்ந்தாள். நிறுத்தங்களின் பெயரைப் படிக்கத் தெரியவில்லை. சரி, கடைசி வரை போவோம் என்று போனாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கையில் காய்கறிப் பை, ரொட்டி, துவைக்கக் கொடுத்து வாங்கிய துணிகள். ஒரு நடுவயதுப் பெண் இறங்கும்போதே பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். பல்லழகி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தைப் பார்த்தபோதோ கோபுரத்தைப் பார்த்தபோதோ வராத பொறாமை அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தபோது வந்தது. அந்தப் பெண் வீட்டைத் திறப்பாள். உள்ளே ஒரு ஆள், 'ஏன் இவ்வளவு லேட்டு' என்று கேட்பார்.

அதே டிராமில் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு விமான நிலையப் பேருந்து. ஏழே முக்காலிலிருந்து அவள் நிறுத்தத்தில் நின்றாள்.

கடைசி ஆளாக இறங்கினார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். இடது தோளில் பை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் வழக்கம்போல ஓட்டமும் நடையுமாக வரவில்லை.

பதினோரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரிதாக என்ன பேசிவிடுவார்கள்?

"சாப்பிட்டீங்களா?"

"ப்ளேன்ல ஏதோ குடுத்தான்."

அவ்வளவுதான். அவள் கைநீட்டிப் பையை வாங்கினாள். மறுக்காமல் கொடுத்துவிட்டார். அது கொஞ்சம் புதிதாக இருந்தது.

மூன்று மாடி ஏறும்போது, "லிஃப்ட் இல்லாத வீடா தேடிப் பிடிச்சிருக்கியே" என்றார்.

"நீங்க லீவுல இருக்கீங்க. லிஃப்டைப் பார்த்தா காதை வச்சுக் கேட்டுட்டு நிப்பீங்க. போன வருஷம் அந்த ஓட்டல்காரன் போலீஸைக் கூப்பிடாதது அதிசயம்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீடு சின்னதுதான். ஒரு அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல் மேடை, ஜன்னலுக்குக் கீழே சைக்கிள்கள் நிற்கும் முற்றம். அவர் காலணியைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். அவள் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"சரி, சொல்லுங்க. இன்னைக்கு எத்தனை மணிக்கு எங்க?"

"எங்கேயும் போக வேண்டாம்."

"என்னது?"

"இன்னைக்கு வீட்ல இருக்கலாம்."

எந்த வீட்டில் என்று கேட்கத் தோன்றியது அவளுக்கு. கேட்கவில்லை. இந்த மனிதர் ஊருக்கு வந்து இறங்கி அரைமணியில் ஒரு இடத்தைப் பார்க்காவிட்டால் காய்ச்சல் வந்தவர் போல ஆகிவிடுவார். அவர் 'வீட்டில் இருக்கலாம்' என்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது.

அவளிடமும் ஏதோ இருந்தது. கைப்பையின் உள் ஜிப்பில், மூன்றாக மடித்த ஒரு கடிதம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'நேரில் சொல்லிக்கொள்ளலாம்' என்று இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறாள். இப்போது நேரில்தான் இருக்கிறார். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடிக்கட்டும் என்று நினைத்தாள்.

"குழாய் ஒழுகுது" என்றார் திடீரென்று.

"நேத்தே கீழ்வீட்டு அம்மாகிட்ட சைகையில சொன்னேன். அவங்கதான் வீட்டுச் சொந்தக்காரங்க. அடுத்த வாரம் ஆள் வருவாராம்."

"அடுத்த வாரம் நாம இருக்கமாட்டோம்."

"அப்ப நமக்கென்ன?"

"நம்ம வீட்ல குழாய் ஒழுகினா அப்படியே விட்டுட்டு உக்காந்திருப்போமா? வா, ஒரு வாஷர் வாங்கிட்டு வந்துடலாம். அப்படியே காய்கறியும்."

இப்படியாக, நான்காவது வருடம், நான்காவது ஊரில், பாலத்தையும் கோபுரத்தையும் விட்டுவிட்டு இருவரும் வாஷர் வாங்கக் கிளம்பினார்கள்.

தெருவில் இறங்கியதும் பல்லழகிக்கு ஒரு தெம்பு வந்தது. அவருக்கு முன்னால் ஒரு நாள் வந்தவள் அல்லவா.

"இந்த ரொட்டிக் கடையில பத்து மணிக்கு மேல போனா நல்லதா எதுவும் இருக்காது" என்றாள். "அந்தப் பச்சைக் கதவு இருக்கே, அது மருந்துக் கடை. பார்த்தா தெரியாது. ரோடு கடக்கும்போது சிவப்பு மாறினதும் உடனே போயிடாதீங்க, சைக்கிள்காரங்க நிக்க மாட்டாங்க."

"எத்தனை வருஷமா இங்க இருக்கே?"

"நேத்திலேர்ந்து."

இப்போது முழுசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் நாலு தெரு அளந்து சொல்லத் தயாராக இருந்தாள்.

இரும்புக் கடைக்காரர் வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. வாஷர் என்பதை எப்படிச் சொல்வது? லிஃப்ட்காரர் குழாய் திறப்பதுபோலக் காற்றைத் திருகிக் காட்டினார். இவள் விரலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் காட்டினாள். கடைக்காரர் உள்ளே போய், கதவுப் பிடி ஒன்றை எடுத்து வந்தார். அப்புறம் ஒரு மழைச் சட்டை. மூன்றாவது முறை சரியான டப்பாவோடு வந்து, கூடவே ஒரு ஸ்பேனரையும் மேடையில் வைத்தார். பொட்டலம் கட்டும்போது, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"புது வீடா?"

இல்லை, நான்கு நாள் வாடகை என்று சொல்லியிருக்க வேண்டும். பல்லழகியின் தலை தன்னால் ஆடியது. "ஆமாம்."

"நல்லது. நல்ல தெரு. ரொம்ப நாள் இருப்பீங்களா?"

"ரொம்ப நாள்" என்றார் லிஃப்ட்காரர், கண் சிமிட்டாமல்.

கடைக்காரர் இரண்டு வாஷர் அதிகமாகவே போட்டார். அடுத்த தடவைக்கு ஆகுமாம்.

வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை அடக்கி வைத்திருந்து, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வந்த நீர்தான். ஆனால் சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அவர் பார்க்காதது போல் வெங்காயக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெங்காயம், தக்காளி, முட்டை, ஒரு சின்னப் பை அரிசி. நான்கு நாளைக்கு இது போதும். அரிசியை எடுத்தவர், அதை வைத்துவிட்டுப் பெரிய பையாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குழாயை நெருங்கினார். தண்ணீரை மூடினார். ஸ்பேனரை எடுத்தார்.

இடது கையில்.

பல்லழகி உரிப்பதை நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணம். இந்த மனிதர் இடது கையால் ஒரு திருகுகூடத் திருகி அவள் பார்த்ததில்லை. ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தார். வழுக்கியது. சட்டென்று வலது கைக்கு மாற்றினார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் இரும்பைச் சுற்றி வளைந்தன, ஆனால் இறுகவில்லை. ஸ்பேனர் கைநழுவித் தொட்டியில் விழுந்த சத்தம் முற்றம்வரை கேட்டிருக்கும்.

அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள் எழுந்து போய் அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள். மயிரிழை அளவு வித்தியாசத்தை லென்ஸில் பார்த்துப் பிழைக்கிறவள். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை நடுவரை வெளுத்த தழும்பு. தையல் போட்டு, பிரித்து, மறுபடி போட்ட தழும்பு. போனில் பேசும்போது எப்போதும் இடது கையில்தான் போன். திரையில் எப்போதும் முகம் மட்டும்தான்.

"எப்ப?"

"எட்டு மாசம் ஆச்சு. லிஃப்ட் கதவு மோட்டார் மாத்திக்கிட்டிருந்தேன். கை உள்ள இருக்கு. கீழ இருந்தவன் தெரியாம பவரைப் போட்டுட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "நரம்பு போயிடுச்சு. ரெண்டு ஆபரேஷன் பண்ணினாங்க."

எட்டு மாதம். அவள் மனது பின்னோக்கி ஓடி ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து நாள். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை, போன் பண்ண முடியாது என்று சொன்ன பத்து நாள். அதற்கப்புறம் பேசியபோது அவள் எப்படிச் சண்டை போட்டாள். 'உங்களுக்கு நான் இருக்கிறதே ஞாபகம் இல்ல, லிஃப்டைக் கட்டிக்கிட்டிருக்கணும் நீங்க' என்று அரைமணி நேரம். அவர் 'சரிம்மா, தப்புதான்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? வர முடியாது. அங்க உக்காந்து அழுவே. பீங்கான் உடையும்."

"விளையாடாதீங்க."

"விளையாடல." கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "ஆபீஸ்ல உக்காத்தி வச்சாங்க, எந்த மெக்கானிக் எங்க போகணும்னு சீட்டு எழுத. நேத்துக் காலையில மெடிக்கல் போர்டு. அதுக்காகத்தான் இருந்தேன். விமானம் எல்லாம் தவறல."

"போர்டு என்ன சொன்னாங்க?"

"தகுதி இல்லைன்னுட்டாங்க. ரெண்டு மாசத்துல ஊருக்கு அனுப்பிடுவாங்க."

பல்லழகி நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்றுப் பையிலிருந்து எடுத்து மேடைமேல் போட்டிருந்த திட்டத்தாளை வெறித்துப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. முந்தைய மூன்று வருடமும் கட்டம் போட்ட தாளில், அவருடைய அச்சுப் போன்ற கையெழுத்தில் வரும். இந்த வருடம் கம்ப்யூட்டரில் அடித்து வந்தது. வியாழக்கிழமை விடுமுறையைக்கூடப் பார்க்காமல்.

"இதை யார் அடிச்சது?"

அவர் தொட்டிக்குள் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"வாண்டுவா?"

அவர் தலை மெல்ல ஆடியது.

"அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

போனை எடுத்தாள். வாண்டு இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அம்மா, அப்பா வந்தாச்சா?" என்றாள் உற்சாகமாக.

"வந்தாச்சு. கையையும் பார்த்தாச்சு."

பல்லழகி போனை மேடைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அவரும் கேட்கட்டும்.

"எட்டு மாசமா தினம் என்கூடப் பேசறே. இன்னைக்கு என்ன சாப்பிட்டே, எந்த பரீட்சை, எந்தப் பொண்ணுகூடச் சண்டை, எல்லாம் சொன்னே. இதை மட்டும் விழுங்கிட்டே. எப்படிடி மனசு வந்தது?"

"அப்பாதான் சொல்லாதேன்னாரு."

"அவர் சொன்னா? நான் உன் அம்மா இல்லையா?"

"அம்மா, நிறுத்து." வாண்டுவின் குரல் உடைந்தது. உடைந்ததும் அதில் கோபம் ஏறியது. "அப்பா என்கிட்ட சொல்லிட்டு, அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு. நீ உன் லெட்டரைப் பத்தி என்கிட்ட சொல்லிட்டு, அப்பாகிட்ட சொல்லாதேன்னே. ரெண்டு பேரும் கொண்டுவந்து என்கிட்ட வச்சுட்டு நிம்மதியா தூங்கறீங்க. நான் என்ன பேங்க் லாக்கரா? ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் எதை யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலையே வெடிச்சுடும் போல இருக்கு. பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு மனப்பாடம் பண்ணல."

லிஃப்ட்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "எந்த லெட்டர்?"

"ஐயோ, ஸ்பீக்கர்லயா இருக்கு?" என்றாள் வாண்டு சின்னக் குரலில். பிறகு, "நல்லதுதான். ரெண்டு பேரும் முதல்ல பேசுங்க. பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம் என்று தெரிந்ததால் இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பல்லழகி கைப்பையை இழுத்து, உள் ஜிப்பைத் திறந்து, கடிதத்தை மேடைமேல் வைத்தாள்.

"புதுசா ஒரு லேப் திறக்கறாங்க. பீங்கான் பிரிவு முழுக்க என்கிட்ட. மூணு வருஷம். இந்தத் தடவை குடும்ப அனுமதியும் உண்டு. நீங்க வந்து என்கூட இருக்கலாம். ஆனா வேலை பார்க்க முடியாது. திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்."

அவர் கடிதத்தைத் தொடவில்லை.

"நான் ஊர்ல நம்ம வீட்ல குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டேன்" என்றார். "மூணாவது மாசம் காலி பண்ணிடுங்க, நாங்க வர்றோம்னு."

"நாங்களா?"

"நாங்கதான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீதான் வருஷா வருஷம் சொல்லுவே, எப்பதான் ஒரு வீட்ல இருக்கப் போறோமோன்னு."

"ஒரு வீட்லன்னுதான் சொன்னேன். அந்த வீட்லன்னு சொன்னேனா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மை என்று அவளுக்கே தெரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அங்க வந்து என்ன பண்றது, சொல்லு. நீ காலையில லேபுக்குப் போவே. நான் பாத்திரம் கழுவிட்டு சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இந்தக் கையால பாத்திரமும் கழுவ முடியாது, உடைச்சிடுவேன்."

"கழுவச் சொல்லி நான் கேட்டேனா?"

"கேக்க மாட்டே. அதுதான் எனக்குப் பயம்."

வெங்காயம் பாதி உரித்தபடி கிடந்தது. முற்றத்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நேரம் வந்து, தாண்டியும் போயிற்று.

பல்லழகிதான் முதலில் எழுந்தாள். புடவையாக இருந்தால் இழுத்துச் செருகியிருப்பாள். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, தொட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"விடு. அடுத்த வாரம் ஆள் வருவான்."

"தண்ணியை மூடி வச்சிருக்கீங்க. அரிசி களைய வேண்டாமா? எந்தப் பக்கம்?"

அவர் பக்கத்தில் வந்து நின்றார். "இடது பக்கம். பலமா இல்ல. மொதல்ல பிடி விழுந்துதான்னு பாரு."

"விழுந்துடுச்சு."

"இப்ப மெதுவா. அவ்வளவுதான். வெளிய எடு. உள்ள கறுப்பா ஒண்ணு நைஞ்சு போய் இருக்கும், அதைத் தோண்டி எடு. கீறாம."

கீறாமல் தோண்டி எடுப்பது அவளுக்குத் தொழில். பழைய வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதை உட்கார வைத்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. என் ஆளுங்க ஒருத்தன்கூட இப்படி உக்கார வச்சதில்ல" என்றார்.

பல்லழகி இத்தனை வருடமாகத் தன் வேலையைப் பற்றி அவரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். அவள் கை வேலை செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்ப்பது இதுதான் முதல் முறை. அவருடைய கை வேலை செய்வதை இனி அவள் பார்க்க முடியாது என்பதும் அப்போதே அவளுக்குத் தோன்றியது.

நாலு மணிக்குச் சாப்பிட்டார்கள். சோறும் தக்காளி வதக்கலும் முட்டையும். அவர் கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார், மறைக்காமல். ஒரு கவளம் சிந்தியது. அவள் துடைக்கவில்லை, அவரே துடைத்துக்கொண்டார்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன். எனக்காகச் சொல்லாதே, வாண்டுக்காகச் சொல்லாதே. உனக்கு அந்த வேலை வேணுமா?"

யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. முதல்முதலில் வெளிநாடு கிளம்பியதுகூடக் கேட்டு நடந்தது இல்லை. போகத்தான் வேண்டும் என்று இருந்தது, போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிடமே எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவர் முகம் தெளிந்துவிடும்.

"வேணும்" என்றாள். "ரொம்ப வேணும். நீங்களும் வேணும். ரெண்டையும் ஒரு வாயால கேக்கக் கூடாதுன்னு நினைச்சுதான் ரெண்டு வாரமா சொல்லாம இருந்தேன்."

அவர் ரொம்ப நேரம் மேடைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை இழுத்துப் பிரித்தார்.

"நான் அங்க வந்தா, தினம் சாயங்காலம் வந்து சேர்ந்ததும் என்கூட ஒரு தெருவாவது நடப்பியா? இன்னைக்குக் காட்டினியே, மருந்துக் கடை, ரொட்டிக் கடைன்னு. அந்த மாதிரி."

"வர்றேன்னு சொல்றீங்களா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் சொல்லல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் பாதி வந்ததும் கண் ஒரே இடத்தில் நின்றது. திரும்பவும் மேலே போய் அந்த வரிக்கு வந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

காலையிலிருந்து இந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். "சத்தமாப் படிங்க."

படித்தார். குடும்ப அனுமதி கோரும் துணைவர், தாம் தற்போது வசிக்கும் நாட்டில் பெற்ற உடல்தகுதிச் சான்றை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

"அந்தச் சான்றிதழ்தான் என் பையில இருக்கு" என்றார். "நேத்துக் குடுத்தது. தகுதி இல்லைன்னு எழுதியிருக்கு."

இரண்டு வாரத்தில் அந்தக் கடிதத்தை அவள் நாற்பது தடவை படித்திருப்பாள். அந்த வரியை நாற்பது தடவையும் தாண்டிப் போயிருக்கிறாள். ஆரோக்கியமான மனுஷன்தானே என்று.

எழுந்து போய் அவருடைய பையைத் திறந்தாள். உறையை எடுத்து வந்து, கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முத்திரை குத்திய தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது வேலைக்கான தகுதியா, இருக்கறதுக்கான தகுதியான்னு யாரையாவது கேக்கணும்" என்றாள். "கேப்போம். அதுக்கு முன்னாடி வாண்டுவைக் கூப்பிடுங்க."

"இப்பவா? என்னன்னு சொல்றது?"

"இருக்கறதைச் சொல்லுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து. இனிமே அவ எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்."

அவர் போனை எடுத்தார். வீடியோ அழைப்பு. பதினோரு மாதமாக வாண்டு தன் அப்பாவையும் அம்மாவையும் திரையில் இரண்டு தனித்தனிக் கட்டங்களில்தான் பார்த்திருக்கிறாள். லிஃப்ட்காரர் இடது கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்; அவள் பாதி முகம்தான் தெரிந்தது. "இன்னும் கிட்ட வா" என்றார். பல்லழகி நகர்ந்து, தலையை அவர் தலையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.